ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் ரோபோ நடைப்பயிற்சி: பணம் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசம் ஆகுது, வலது கால் வரல. ஒருத்தர் இடுப்பப் புடிச்சாதான் நிக்கிறார். பிசியோவோட ரோபோ செஷனும் எடுங்கன்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. எடுக்கலாமா, இல்ல மெஷினையே வாங்கிடலாமா?

பதில்: வாங்காதீங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். இடுப்பு, முட்டிகிட்ட மோட்டார் வெச்சு கால்ல கட்டுற இந்த எக்சோஸ்கெலட்டன், தெரபிஸ்ட் கூடவே நின்னு செட்டிங் மாத்திக்கிட்டே இருக்க வேண்டிய மெஷின். ஸ்ட்ரோக்குக்குன்னு அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்கற அரசு அமைப்பு) 2016ல மொதல்ல அனுமதி குடுத்த எக்சோவும் அப்படித்தான்.

செஷன் எடுக்கறது வேற விஷயம், உங்க அப்பா நிலைமைக்கு எடுக்கலாம்னுதான் சொல்வேன். 2020ல வந்த காக்ரேன் தொகுப்புல (பல மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசற அறிக்கை) 62 ஆய்வு, 2,440 பேர அலசினாங்க, பிசியோவோட மெஷினும் சேந்தா தானா நடக்கற வாய்ப்பு கூடுது, அதுலயும் ஸ்ட்ரோக் வந்து மூணு மாசத்துக்குள்ள, இன்னும் நடக்கவே முடியாதவங்களுக்குத்தான் பலன் அதிகம்னு தெரிஞ்சுது. நடை வேகம் என்னவோ கொஞ்சம்தான் கூடுச்சு. ஏற்கனவே நடக்கறவங்கள வெச்சு சிகாகோல பண்ணி 2008ல வந்த ஆய்வுல, டிரெட்மில் மேல நடக்க வைக்கற ரோபோவ விட தெரபிஸ்ட் கையால புடிச்சு நடக்க வெச்சவங்களுக்குத்தான் வேகம் நல்லா கூடியிருந்துச்சு. அதனால பிசியோவ கொறச்சுட்டு ரோபோன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

செஷன் நடக்கறப்போ ஸ்கிரீன் பக்கம் நின்னு "இப்போ எவ்ளோ அசிஸ்ட்?"னு, அதாவது மெஷின் எவ்ளோ உதவி பண்ணுதுன்னு கேளுங்க. வாரா வாரம் அது கொறையணும். கொறையலன்னா மெஷின்தான் நடக்குது, அப்பா பஸ்ல உக்காந்து போற மாதிரி சும்மா போய்ட்டு வர்றார், எத்தன ஆயிரம் அடி எண்ணிக் காட்டினாலும் மூளை அதுல பெருசா ஒன்னும் கத்துக்காது.

பிபி கட்டுக்குள்ள இல்லன்னா, கால் மடங்கி இறுகிப் போயிருந்தா, எலும்பு ரொம்ப தேஞ்சிருந்தா டாக்டர்கிட்ட கேக்காம ஏத்தாதீங்க. வலது தோள் தொங்குதான்னும் பாருங்க, அந்தக் கைய புடிச்சு யாரும் தூக்கக் கூடாது. முடிச்சதும் சாக்ஸ கழட்டி ஸ்ட்ராப் பட்ட எடமெல்லாம் தடவிப் பாருங்க, உணர்ச்சி கொறைஞ்ச கால்ல தோல் உரிஞ்சாலும் அவருக்கு தெரியாது (இத நெறைய பேர் விட்டுடறாங்க).

ஸ்டிக் வெச்சு தானா நடக்க ஆரம்பிச்சதும் ரோபோவ நிறுத்திட்டு அந்தப் பணத்துல பிசியோவ கூட்டுங்க, பாதம் தரையில இழுபட்டா அளவெடுத்து ஒரு கணுக்கால் ஸ்ப்ளிண்ட் செஞ்சு குடுங்க.