நாலு மா நிலமும் ஒரு சீட்டும்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் எங்களுக்கு ஏழு மா நஞ்சை, இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மகள் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இன்ஜினியரிங் கட்ஆஃப் 200க்கு 142. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போகிறவள். கோயம்புத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸில் மேனேஜ்மெண்ட் சீட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஹாஸ்டலோடு நாலு வருஷத்துக்கு எட்டு லட்சம். நாலு மாவை விற்றுவிடலாமா, பத்திரத்தை வைத்து லோன் போடலாமா?

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேண்டாம். மகள் படிக்கட்டும், ஆசைப்பட்டதையே படிக்கட்டும். ஆனால் அந்த எட்டு லட்சத்துக்கு வேண்டாம்.

நமக்குப் பழகியது பயிர்க்கடன். சொசைட்டியில் வாங்கி அறுவடையில் அடைப்போம். கெடு தவறாவிட்டால் வட்டிகூடக் கிடையாது. கல்விக்கடன் வேறு. படிக்கும் நாலு வருஷமும் அதன் பிறகு ஒரு வருஷமும் தவணை கேட்கமாட்டார்கள், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வருஷம் இரண்டு லட்சமாக வாங்கி, தனிவட்டி 10 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். தவணை தொடங்கும் நாளில் கடன் 10 லட்சத்து 80 ஆயிரமாக நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 14,200க்கு மேல் கட்டவேண்டும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்னையில் 18,000 சம்பளத்தில் சேர்ந்தான். ரூம் வாடகையும் மெஸ்ஸும் போக 5,000 அனுப்பவே திணறினான். பேங்கிலிருந்து போன் வந்தால் அவன் அப்பா எடுக்காமல் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது போல இதுவும் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

142க்கு அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் சீட் இருக்கிறது. அந்தக் கல்லூரி கிடைக்காமல் போகலாம், போகட்டும். முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு தரும் சலுகை கவுன்சிலிங்கில் சேர்ந்தவர்களுக்குத்தான். மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்ந்தால் அது போய்விடும். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை. பேங்க் மேனேஜர் நிலப் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்குத் தேசிய தரச்சான்று இருந்தால், தவணை தொடங்கும்வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. அப்போது 4 லட்சம் கடன் வாங்கினால் அது 4 லட்சமாகவே நிற்கும். அதே பத்து வருஷக் கணக்கில் தவணை மாதம் 5,300க்குள். 18,000 சம்பளத்தில் சேர்ந்தாலும் அந்தப் பெண் மூச்சு விடலாம்.

சேர்க்கும் முன் ஒரு நாள் கல்லூரிக்கே போங்கள். வாசலில் பேனர் வைத்திருப்பார்கள், நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று. அதை விட்டுவிட்டு, அதே டிபார்ட்மெண்டில் போன வருஷம் முடித்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து, கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

மகளிடம் இன்னொன்றும் பேசிப் பாருங்கள். கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரி தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அங்கே பி.எஸ்சி. கணிதம் முடித்து, டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம். கம்ப்யூட்டர் வேலைக்கு அதுவும் நேர்வழிதான். செலவு எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. முடிவு அவளுடையதாக இருக்கட்டும். கணக்கை மட்டும் ஒளிக்காமல் அவள் முன்னால் வையுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடுங்கள். சீட் வாங்கித் தருவதாகச் சொன்னவருக்கு அட்வான்ஸ் ஏதும் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.