எக்ஸ்டெண்டட் பெட்டி வாங்கும் முன்: 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ரசிகர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களையும் தியேட்டர் வெர்ஷனில்தான் பார்த்திருக்கிறேன். நீளமான எக்ஸ்டெண்டட் பதிப்பை டிஸ்க்காக வாங்கி வைத்துக்கொள்ள ஆசை. புதிதாக ஏதாவது வரும், பொறு என்கிறார்கள் நண்பர்கள். கடைகளில் 9 டிஸ்க், 15 டிஸ்க், 31 டிஸ்க் என்று பெட்டிகள் விதவிதமாக இருக்கின்றன. என் மனைவியும் எட்டாவது படிக்கும் மகளும் இந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு எந்த வெர்ஷனை முதலில் போட்டுக் காட்டுவது? எதை வாங்குவது?

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. முதல் படம் 2001 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது. 2002 ஆகஸ்டில் அது டிவிடியாக வந்தது, நவம்பரில் எக்ஸ்டெண்டட் டிவிடி வந்தது. இரண்டாவது படத்துக்கும் அதேபோல ஆகஸ்ட், நவம்பர். மூன்றாவதுக்கு 2004 மே மாதம் ஒன்று, டிசம்பரில் இன்னொன்று. ப்ளூ-ரே வந்தபோதும் கதை மாறவில்லை: தியேட்டர் வெர்ஷன் 2010 ஏப்ரலில், எக்ஸ்டெண்டட் 2011 ஜூனில். ஆசையை அடக்க முடியாதவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே படத்துக்கு இரண்டு தடவை காசு கொடுத்தார்கள். அந்தச் சூடு பட்டவர்கள்தான் இன்றும் 'பொறு' என்கிறார்கள்.

ஆனால் 2020 டிசம்பரில் வந்த 4கே பெட்டியில் இரண்டு வெர்ஷனும் ஒன்றாகவே வந்துவிட்டன. இனி புது அட்டையும் புது இரும்புப் பெட்டியும் வரலாம், உள்ளே இருக்கும் படம் இதுதான். இதைவிட நீளமான வெர்ஷன் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கையும் ரசிகர்களிடம் உண்டு. மூன்றாவது படத்தின் கறுப்பு வாயிலில், ராஜாவாகப் போகும் ஆரகார்ன் நேருக்கு நேர் தீய சக்தியான சௌரானோடு மோதுவதும், இரண்டாவது படத்தின் ஹெல்ம்ஸ் டீப் போரில் எல்ஃப் இனத்து ஆர்வென் வாள் வீசுவதும் படமாக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கதையே அங்கிருந்து திரும்பிவிட்டது. சௌரான் நின்ற இடத்தில் கிராஃபிக்ஸில் ட்ரோல் என்ற ராட்சதன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் காட்சிகளைத் திரும்ப ஒட்டவைக்க இப்போது இடமே இல்லை. அவற்றுக்காகக் காத்திருப்பது வீண்.

அடுத்து, எக்ஸ்டெண்டட் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். மற்ற பல படங்களில் வெட்டிய காட்சிகளை அப்படியே ஒட்டி 'நீளமான பதிப்பு' என்று விற்பார்கள். இங்கே நடந்தது வேறு. படத்தை மறுபடி எடிட் செய்தார்கள். அரைகுறையாக நின்ற கிராஃபிக்ஸை வேட்டா நிறுவனம் முடித்துக் கொடுத்தது. புதிய நீளத்துக்கு ஏற்ப ஹோவர்ட் ஷோர் கூடுதலாக இசையமைத்தார். மூன்றாவது படம் 2004 பிப்ரவரியில் 11 ஆஸ்கர் வாங்கிய பிறகும், எக்ஸ்டெண்டட் வெர்ஷனுக்காக மண்டை ஓடுகள் சரிந்து கொட்டும் காட்சியில் சில ஷாட்களைப் புதிதாக எடுத்தார் இயக்குநர் பீட்டர் ஜாக்சன். சிறந்த படம் என்று பரிசு வாங்கிய படத்துக்கு அதற்குப் பிறகும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவரை என்ன சொல்வது! ஆனால் அதே ஜாக்சன், தியேட்டரில் வந்ததுதான் தன் முடிவான வெர்ஷன், நீளமானது ரசிகர்களுக்காகச் செய்தது என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டில் எதை முதலில் போடுவது என்ற உங்கள் கேள்விக்கு இந்த வார்த்தை முக்கியம்.

என் பதில் படத்துக்குப் படம் மாறும்.

முதல் படத்தை, முதல் முறை பார்க்கிறவர்களுக்கும் எக்ஸ்டெண்டட்டிலேயே தாராளமாகப் போடலாம். கூடியிருப்பது அரை மணி நேரம்தான், அதில் பெரும்பகுதி ஆட்களை நமக்கு நெருக்கமாக்குகிறது. ஷயர் ஊரையும் அங்கே வாழும் குட்டை மனிதர்களான ஹாபிட்டுகளின் பழக்கவழக்கங்களையும் பில்போ என்ற ஹாபிட் தன் வாயாலேயே சொல்லும் தொடக்கம் இதில் உண்டு. எல்ஃப்களின் காடான லோத்லோரியனை விட்டுக் கிளம்பும்போது அதன் அரசி கலாட்ரியல் ஒவ்வொருவருக்கும் பரிசு கொடுக்கும் காட்சியைக் கவனியுங்கள். தியேட்டரில், மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட்டான ஃப்ரோடோவுக்குக் கொடுக்கும் ஒளிக் குப்பியோடு முடிந்துவிடும். இதில் லெகோலாஸுக்கு வில், மெர்ரிக்கும் பிப்பினுக்கும் குத்துவாள், சாமுக்குக் கயிறு. எல்ஃப்களை முறைத்துக்கொண்டே உள்ளே வந்த குள்ளன் கிம்லி, கலாட்ரியலிடம் ஒரே ஒரு தலைமுடி கேட்டதாகவும் அவள் மூன்று கொடுத்ததாகவும் எல்ஃப் ஆன லெகோலாஸிடம் சொல்கிறான். இரண்டாவது படம் முழுக்க அந்த இருவருக்கும் உள்ள நட்புக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பலம் தருகிறது பாருங்கள். சாமின் கயிறும் சும்மா இல்லை. இரண்டாவது படத்தின் எக்ஸ்டெண்டட் வெர்ஷனில் பாறையிலிருந்து இறங்கிய பிறகு தானாகவே அவிழ்ந்து கீழே விழுவது அதே கயிறுதான்.

இரண்டாவது படத்தையும் எக்ஸ்டெண்டட்டில் காட்டலாம், சொல்லப்போனால் காட்ட வேண்டும். ஒரே காரணம் ஃபராமிர். தியேட்டர் வெர்ஷனில் அவன் திடீரென்று வந்து ஃப்ரோடோவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் கடுமையான ஆளாக மட்டும் தெரிவான். எக்ஸ்டெண்டட்டில் ஒரு பழைய நினைவு வருகிறது. ஓஸ்கிலியாத் நகரை மீட்ட நாள். அண்ணன் போரோமிர் கொடி நட்டுக் கொண்டாடுகிறான், தம்பியை அணைத்துக்கொள்கிறான். அப்பா டெனதோர் வருகிறார். இளையவனை ஏறெடுத்தும் பார்க்காமல் மூத்தவனை மட்டும் தனியே அழைத்து, மோதிரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். நானே போகிறேன் என்று ஃபராமிர் சொன்னதும் அவர் முகம் போகும் போக்கைப் பாருங்கள். சில நிமிடக் காட்சிதான். ஆனால் அதைப் பார்த்த பிறகு ஃபராமிர் ஏன் மோதிரத்துக்கு ஆசைப்படுகிறான், மூன்றாவது படத்தில் அப்பா முன்னால் ஏன் அப்படி உடைந்து நிற்கிறான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் படத்தில் செத்துப்போன போரோமிர் மேலேயும் பாசம் கூடிவிடுகிறது. இதைத் தியேட்டரில் வெட்டியது மூன்று படங்களிலும் நடந்த பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது படத்தில்தான் நான் நிறுத்தச் சொல்கிறேன். உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் இதை முதல் முறை தியேட்டர் வெர்ஷனில் காட்டுங்கள். தியேட்டரில், இறந்தவர்களின் படையிடம் ஆரகார்ன் உதவி கேட்கிறான், அவர்கள் பதில் சொல்லும் முன்பே காட்சி வேறு இடத்துக்குப் போய்விடும். பிறகு பெலெனார் போர்க்களத்தில் எல்லாம் முடிந்தது என்ற நேரத்தில் கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் கரை ஒதுங்கும். உள்ளே இருந்து குதிப்பது யார் என்ற அந்தத் துடிப்பை முதல் முறை அனுபவிப்பது பெரிய சந்தோஷம். எக்ஸ்டெண்டட்டில் இறந்தவர்களின் அரசன் முன்பே வந்து சம்மதம் சொல்லிவிடுகிறான், கப்பல்களை மடக்குவதும் காட்டப்படுகிறது. கப்பல் வரும்போது நமக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கறுப்பு வாயிலில் சௌரானின் தூதன் ஃப்ரோடோவின் மித்ரில் என்ற உலோகக் கவசச் சட்டையைக் காட்டி மிரட்டும் இடமும் அப்படித்தான். ஃப்ரோடோ உயிரோடு இருப்பது நமக்குத் தெரியும் என்பதால் பயம் எடுபடவில்லை. தூது வந்தவன் தலையை ஆரகார்ன் வெட்டுவது எனக்கு இன்றுவரை ஏற்கவே முடியாத விஷயம். ராஜாவாகப் போகிறவன் செய்கிற வேலையா அது?

அதே படத்தில், கெட்ட மந்திரவாதி சாருமான் என்ன ஆனான் என்பது தியேட்டரில் அந்தரத்தில் நிற்கும். எக்ஸ்டெண்டட்டில் அவன் கோபுர உச்சியில் நிற்கிறான், தன் அடிமை கிரீமாவே முதுகில் குத்துகிறான், கீழே சக்கரத்தின் முள்ளில் விழுகிறான், அங்கியிலிருந்து மந்திரக் கல் உருண்டு தண்ணீரில் போகிறது. பிப்பின் கையில் அந்தக் கல் எப்படிக் கிடைத்தது என்பது இப்போதுதான் புரியும். தியேட்டர் வெர்ஷனிலிருந்து தன் காட்சி முழுவதும் போனதில், சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ மனம் நொந்துபோனதில் வியப்பில்லை. ஆக, இரண்டாம் முறை பார்க்கும்போது எக்ஸ்டெண்டட் போடுங்கள். சாருமான் சாவு கொஞ்சம் கோரமாக இருக்கும், மகளோடு பார்க்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம். டிஸ்க் ஆனாலும் டிஜிட்டலாக வாங்கினாலும், முதலில் பார்க்க வேண்டியது ஓடும் நேரம். பெட்டியின் பெயரை நம்பாதீர்கள். தியேட்டர் வெர்ஷன்கள் 178, 179, 201 நிமிடம். எக்ஸ்டெண்டட் 228, 235, 263 நிமிடம். இந்த எண்கள் இருந்தால் சரியான சரக்கு. படம் மட்டும் என்றால் 208, 223, 251 நிமிடம்தான். மீதி, சந்தா கட்டிய ரசிகர் மன்றத்தாரின் பெயர்கள் வரிசையாக ஓடும் நேரம். முதல் படத்தின் கடைசி 20 நிமிடமும் அதுதான். உண்மையில் மூன்று படத்துக்கும் சேர்த்துக் கூடியிருப்பது 124 நிமிடம். பழைய டிவிடி கைக்கு வந்தால் இன்னொரு குழப்பம் உண்டு. நம் ஊரில் ஓடும் பால் (PAL) என்ற டிவி முறை டிவிடியில் படம் நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 25 ஃப்ரேமாக ஓடும். அதனால் 228 நிமிடம் ஏறக்குறைய 219 ஆகிவிடும். குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், எதையும் வெட்டவில்லை.

இனி பெட்டிகள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். படம் மிக நன்றாக இருக்கும் பெட்டி ஒன்று, படம் உருவான கதை இருக்கும் பெட்டி வேறொன்று.

9 டிஸ்க் 4கே பெட்டியில் இரண்டு வெர்ஷனும் உண்டு. வெளிச்சத்தையும் நிறத்தையும் மெருகேற்றும் டால்பி விஷன், சுற்றிலும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் உண்டு. கூடுதல் நிகழ்ச்சி எதுவும் கிடையாது. 2011இல் வந்த 15 டிஸ்க் ப்ளூ-ரே பெட்டியில் எக்ஸ்டெண்டட் படங்கள் 6 ப்ளூ-ரேயிலும், 'அப்பெண்டிசஸ்' என்ற பெயரில் புகழ்பெற்ற ஆவணப்படங்கள் முதலான கூடுதல் விஷயங்கள் 9 டிவிடிகளிலும் இருக்கும். நியூசிலாந்தில் 274 நாள் படப்பிடிப்பு, சின்ன மாதிரிக் கோட்டைகள், சங்கிலிக் கவசத்தை வளையம் வளையமாகக் கோத்தவர்கள் என்று சினிமா கற்க நினைக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் குறைவு. ஆனால் அதில் முதல் படத்துக்கு ஒரு குறை: படம் முழுக்க லேசாகப் பச்சை படர்ந்திருக்கும், பனி மலைக் காட்சியில் பளிச்சென்று தெரியும். 4கேவில் வண்ணம் திருத்தப்பட்டிருக்கிறது. 2021இல் வந்த 31 டிஸ்க் பெட்டியில் இந்தக் கதைக்கு முன்கதையான 'தி ஹாபிட்' படங்களும் சேர்ந்து ஆறு படங்கள். அவ்வளவு பெரிய பெட்டியிலும் அந்தப் பழைய அப்பெண்டிசஸ் இல்லை. ஹாபிட்டின் எக்ஸ்டெண்டட்களில் கூடியிருப்பது 13, 25, 20 நிமிடம்தான். அதற்காக இத்தனை பணம் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது 9 டிஸ்க் 4கே பெட்டி. ஒரே பெட்டியில் இரண்டு வெர்ஷனும் இருப்பதால், மேலே சொன்ன வரிசையில் காட்டலாம். அப்பெண்டிசஸ் ஆசை வந்தால், பழைய 4 டிஸ்க் எக்ஸ்டெண்டட் டிவிடிகளை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். தோல் அட்டைப் புத்தகம் போல இருக்கும். முதல் படம் பச்சை, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது நீலம். ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு டிஸ்க்தான் உங்களுக்கு வேண்டியவை. அவை உள்ளே இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

வாங்கும் முன் வீட்டில் இருக்கும் கருவியைப் பாருங்கள். 4கே டிஸ்க் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. 4கே பிளேயரோ, டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5ஓ, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸோ வேண்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோவில் பெயருக்கு 4கே இருந்தாலும் இந்த டிஸ்க்கைப் படிக்காது. டிவியில் டால்பி விஷன் இல்லாவிட்டால் கவலை இல்லை, எச்டிஆர்10 என்ற பொதுவான முறையில் ஓடும். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு (ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதிக் கருவியில் ஓடாமல் தடுப்பது) கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் சரி. டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் டிவிடியில் 5ஆம் மண்டலம், ப்ளூ-ரேயில் 'சி'. 15 டிஸ்க் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ப்ளூ-ரேயின் எழுத்தையும் டிவிடியின் எண்ணையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வெளிநாட்டு விலையோடு அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பெட்டி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லா டிஸ்க்கையும் போட்டுத் தொடக்கம், நடு, கடைசி என்று கொஞ்சம் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்டெண்டட் ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்காகப் பிரிந்திருக்கும், பலர் முதல் டிஸ்க்கை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். முதல் படத்தில் அந்தப் பிரிவு எல்ஃப் தலைவர் எல்ரோண்டின் சபை முடிந்து ஒன்பது பேரும் கிளம்பத் தயாராகும் இடத்தில் வருகிறது. இரவுச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.