குடலிறக்க அறுவையும் ரத்தம் நிறுத்தும் ஊசியும்

கேள்வி: எனக்கு 61 வயது. லோரி ஓட்டியவன், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வலது தொடை இடுக்கில் குடலிறக்கம். அடுத்த மாதம் வலை வைத்துத் தைக்கப் போகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். அறுவையின்போது டிரானெக்சமிக் ஆசிட் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போவதற்கு என் மகள் சாப்பிடும் மாத்திரையும் அதே பெயர்தான்! அது ரத்தத்தை உறைய வைத்து ஸ்டென்டை அடைத்துவிடாதா?

பதில்: அதே மருந்துதான் ஐயா. ஆனால் அது ரத்தத்தை உறைய வைப்பதில்லை. வெட்டுப்பட்ட இடத்தை உடம்பே உறைகட்டியால் அடைக்கிறது. பிளாஸ்மின் என்ற நொதி அதைக் கரைக்கப் பார்க்கும். அந்தக் கரைப்பைத்தான் இந்த ஊசி தடுக்கிறது. பிரசவத்தில் ரத்தம் போய்த் தாய்மார் சாகக் கூடாது என்று தேடிய ஜப்பானிய மருத்துவர் உடாகோ ஒகமோட்டோ, கணவரோடு சேர்ந்து 1962-ல் வெளியிட்ட மருந்து இது. அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும்.

குடலிறக்க அறுவையில் மேசைமேல் அதிகம் ரத்தம் போவதில்லை. தொந்தரவு அப்புறம்தான். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று நாளில் விதைப்பை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி நிற்கலாம். பெரும்பாலும் தானே வற்றிவிடும். பெரிதாகிவிட்டால் திரும்பத் திறக்க வேண்டிவரும். வலையில் கிருமி சேரும் பயமும் உண்டு. உங்கள் டாக்டர் யோசிப்பது அதனால்தான்.

உங்கள் பயமும் நியாயமே. 2022-ல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வில், இதயம் அல்லாத அறுவைகளுக்கு வந்த 9,535 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவையின் தொடக்கத்தில் 1 கிராம், முடிவில் 1 கிராம் கொடுத்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு மருந்து பெறாதவர்களில் 11.7 சதவீதம், பெற்றவர்களில் 9.1. இதயப் பாதிப்பு, பக்கவாதம், ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் சேர்த்து, பெறாதவர்களில் 13.9, பெற்றவர்களில் 14.2. வித்தியாசம் சிறியதுதான்; ஆனால் ஆபத்து கொஞ்சமும் அதிகமாகாது என்று அடித்துச் சொல்ல அது போதவில்லை. ஆகவே குடலிறக்கத்துக்கு வரும் எல்லாருக்கும் இதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். கசிவு அதிகம் வரக்கூடியவருக்கு, இதய மருத்துவரையும் கேட்டுவிட்டுப் போடலாம்.

சிறுநீரகக் கோளாறு, வலிப்பு, எப்போதாவது காலில் ரத்தக்கட்டி இருந்திருந்தால் முன்பே சொல்லுங்கள். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் வழியுமே என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அறுவைக்கு முந்தைய வாரமே மாரடைப்பு வந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையையும், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.