வேலூர் சத்துவாச்சாரியில் பக்கத்து வீட்டு கேபிள் டிவியில் சிக்ஸர் போன பிறகுதான் என் மொபைல் ஆப்பில் பந்தே வீசுகிறார்கள். நெட் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்?

உங்கள் நெட் மீது தப்பில்லை. கேபிளுக்கு வரும் சிக்னல் சுமார் 36,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பக் கால் வினாடிதான் ஆகும். ஆப்பின் வழி வேறு. மைதானத்துப் படம் முதலில் கிளவுட் சர்வருக்கு, அதாவது நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் பெரிய கணினிகளுக்குப் போகிறது. அங்கே 240பி முதல் 1080பி வரை பல தரங்களில் மாற்றி, சில வினாடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். 6 வினாடித் துண்டு என்றால், சாதாரணமாக உங்கள் போன் மூன்றைச் சேர்த்துக்கொண்டுதான் ஓட ஆரம்பிக்கும். அதிலேயே 18 வினாடி போச்சு!

பிறகு ஏன் கிளவுட்? கூட்டம்தான் காரணம். 2023 உலகக்கோப்பை இறுதிப்போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஒரு நாளுக்காகச் சொந்தமாக சர்வர் வாங்கிப் போடுவது வீண். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதுபோல, ஆட்டம் முடிந்ததும் திருப்பிவிடலாம். சேனல்கள் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி ஒளிபரப்பும் வேலையும் இப்போது கிளவுடுக்கு நகர்கிறது.

நம்மூர் லோக்கல் சேனல்களுக்கு இதில் லாபம் அதிகம் என்பேன். புஷ்பப் பல்லக்கை நேரலையில் காட்ட ஓபி வேன் (நேரலைக் கருவிகள் ஏற்றிய வண்டி) வேண்டாம். சில சிம்களின் நெட்டைச் சேர்த்துப் படத்தை அனுப்பும் முதுகுப்பைக் கருவி போதும். (திருவிழா நெரிசலில் டவர் திணறும், அது வேறு கதை.)

சரி, துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையாதா? குறையும். ஆனால் கையிருப்பும் குறைவதால், சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலே வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.