தாக்கரே சகோதரர்கள் ஒன்றுசேர்ந்தும் மும்பை மாநகராட்சி ஏன் கைநழுவியது?

"இருபது வருஷப் பகையை மறந்து உத்தவ், ராஜ் ரெண்டு பேரும் சேர்ந்தும் மும்பை மாநகராட்சியில் ஏன் ஜெயிக்க முடியவில்லை? வார்டு எல்லையை மாற்றியதுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராவியில் பிறந்து வளர்ந்து, இப்போதும் அந்த வட்டாரத்திலேயே ஓட்டுப் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லை மாற்றத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. எல்லைக் கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைவிட, அதைப் போடுவதா அழிப்பதா என்ற இழுபறியிலேயே ஏறக்குறைய நாலு வருஷம் ஓடிப்போனதுதான் தாக்கரே குடும்பத்தைச் சாய்த்தது. அந்த இழுபறியைத் தொடங்கி வைத்தது உத்தவ் தாக்கரே முதல்வராக இருந்த அரசு.

முதலில் கணக்கு. 2026 ஜனவரி 15 அன்று வாக்குப்பதிவு, மறுநாள் எண்ணிக்கை. மொத்தம் 227 இடங்கள், பெரும்பான்மைக்கு 114 வேண்டும். பா.ஜ.க. 89, உத்தவிடமிருந்து 2022இல் கட்சியை உடைத்த ஏக்நாத் ஷிண்டேயின் சிவசேனா 29, உத்தவ் சேனா 65, ராஜின் நவநிர்மாண் சேனா 6, காங்கிரஸ் 24, ஓவைசியின் மஜ்லிஸ் கட்சி 8, மீதி சில்லறை. பா.ஜ.க.வும் ஷிண்டேயும் சேர்ந்து 118. சகோதரர்கள் இருவரும் சேர்ந்து 71. தனி அணியாக நின்ற காங்கிரஸின் இடங்களைக் கூட்டினாலும் 95தான் வருகிறது.

இந்தப் பங்காளிச் சண்டையின் கதை தமிழ்நாட்டில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சிவசேனாவைத் தொடங்கிய பால் தாக்கரேயின் மகன் உத்தவ், பால் தாக்கரேயின் தம்பி ஸ்ரீகாந்தின் மகன் ராஜ். அண்ணன் தம்பி இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஆக அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இவர்கள் சகோதர முறை. பெரியப்பாவைப் போலவே பேச்சு, பெரியப்பாவைப் போலவே கார்ட்டூன் வரைகிற கை என்று ராஜைத்தான் கட்சிக்காரர்கள் வாரிசாகப் பார்த்தார்கள். 2003இல் மகாபலேஷ்வரில் நடந்த கூட்டத்தில் உத்தவைச் செயல் தலைவராக முன்மொழிந்ததும் இதே ராஜ்தான். மூன்று வருஷம் கழித்து, 2006 மார்ச்சில், தனிக்கட்சி.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே வீட்டுக்குள் ஓட்டைப் பிரித்த கதை. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் மும்பையின் பல தொகுதிகளில் ராஜ் கட்சி லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது, ஆறு தொகுதியையும் காங்கிரஸ் கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. 2012 மாநகராட்சித் தேர்தலில் ராஜுக்கு 28 இடம். சிவசேனாவின் தலைமையகமான சேனா பவன் இருக்கிற தாதர்–மாகிம் வட்டாரத்தையே அவர் ஆள்கள் பிடித்தார்கள். 2017இல் அது 7 ஆகச் சுருங்கியது. அந்த ஏழு பேரில் ஆறு பேரைச் சில மாதங்களிலேயே உத்தவ் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 2024 சட்டமன்றத் தேர்தலில் ராஜின் மகன் அமித் மாகிமில் நின்றபோது உத்தவ் கட்சி வேட்பாளர் நிறுத்தி ஜெயித்தது, அமித் மூன்றாவது இடத்துக்குப் போனார். ராஜ் கட்சிக்கு அந்தத் தேர்தலில் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் 2025 ஜூலை 5 அன்று வொர்லியில் ஒரே மேடை. பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்த அரசாணை திரும்பப் பெறப்பட்டதைக் கொண்டாடிய கூட்டம் அது. டிசம்பரில் முறையான கூட்டணி. இரண்டு பக்கமும் தேய்ந்த பிறகு வந்த சமரசம் என்பதை மறந்துவிட்டு, "சேர்ந்தும் தோற்றார்களே" என்று கேட்பது சரியாக இருக்காது.

இனி எல்லை விவகாரத்துக்கு வருகிறேன். மும்பையில் ஒரு வார்டுக்கு ஒரே உறுப்பினர். மகாராஷ்டிராவின் மற்ற மாநகராட்சிகளில் பெரும்பாலும் ஒரு வார்டுக்கு நாலு பேர் வரை தேர்ந்தெடுக்கிறார்கள், மும்பையில் அப்படி இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள் 1.24 கோடி. 227ஆல் வகுத்தால் வார்டுக்குச் சுமார் 55 ஆயிரம் பேர். வாக்காளர்களில் ஓட்டுப் போட வருகிறவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல், போட்டியிலோ ஐந்தாறு கட்சி. அதனால் ஒரு சால் (வரிசையாக அறைகள் கொண்ட பழைய குடியிருப்பு) இந்தப் பக்கம் வருவதா, ஒரு குடிசைச் சந்து அந்தப் பக்கம் போவதா என்பதிலேயே ஒருவர் வாழ்க்கை முடிவாகிவிடும். 2017இல் 220ஆவது வார்டில் சேனா வேட்பாளருக்கும் பா.ஜ.க. வேட்பாளருக்கும் ஆளுக்கு 5,946 ஓட்டு. சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள், பா.ஜ.க. ஜெயித்தது. அந்த வருஷம் சேனா 84, பா.ஜ.க. 82. எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

அந்த மன்றத்தின் காலம் 2022 மார்ச் 7 அன்று முடிந்தது. தேர்தல் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். ஆனால் 2021 நவம்பரில் உத்தவ் அரசு வார்டு எண்ணிக்கையை 227இலிருந்து 236 ஆக்கியது. மக்கள்தொகை கூடிவிட்டது என்பது சொன்ன காரணம். ஆனால் புதுக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை, கையில் இருந்தது 2017 எல்லைக்குப் பயன்பட்ட அதே 2011 கணக்கு. டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல்களில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அந்த ஒதுக்கீடு இல்லாமல் தேர்தலுக்குப் போக எந்தக் கட்சிக்கும் மனம் இல்லை. 2022 மார்ச்சில் எல்லை வரையும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்திடமிருந்து அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டார்கள்.

அதோடு தேர்தல் தள்ளிப்போனது. ஜூனில் ஷிண்டே கட்சியை உடைத்தார், உத்தவ் அரசு விழுந்தது. ஆகஸ்டில் புது அரசு 236ஐ மறுபடியும் 227 ஆக்கியது. அதை எதிர்த்து வழக்கு. 2023இல் மும்பை உயர் நீதிமன்றம் 227தான் சரி என்றது, உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்தியே தீர வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வேலை நகர்ந்தது. ஆகஸ்டில் வந்த வரைவு எல்லைகள் பெரும்பாலும் 2017 எல்லைகளை ஒட்டியேதான் இருந்தன. அங்கே இங்கே சில தெருக்கள் மாறின, அவ்வளவுதான்.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். 2022 பிப்ரவரியில் பழைய எல்லையிலேயே தேர்தலுக்குப் போயிருந்தால் சிவசேனா உடையாத கட்சி. வில் அம்பு சின்னம் கையில், மாநில ஆட்சி கையில், 84 கார்ப்பரேட்டர்களும் (நம்மூர்க் கவுன்சிலர் மாதிரி) ஒரே குடைக்குள். 2026இல் வில் அம்பு ஷிண்டேயிடம், பழைய கார்ப்பரேட்டர்களில் பலரும் அவரிடம், ஆட்சியும் எதிரணியிடம். உத்தவ் கையில் புதுச் சின்னமான தீப்பந்தம். அதை வைத்துக்கொண்டே 65 இடம் பிடித்ததைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த நாலு வருஷத்தில் எங்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். கார்ப்பரேட்டர் என்பவர் பெரிய கொள்கை பேசுகிறவர் இல்லை. எங்கள் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொண்டுதான் போக முடியும். அதில் சாக்கடை மூடி உடைந்தால் ராத்திரியில் ஒரு குழந்தை உள்ளே விழும். அதற்காகக் காலையில் போய் உட்கார ஒரு இடம் வேண்டும். குழாயில் தண்ணீர் வராதபோது சத்தம் போட, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க இவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்று கடிதம் வாங்க, அந்த ஒரு ஆள்தான். பக்கத்து வீட்டு அக்கா பேத்தி விஷயமாகப் பழைய கார்ப்பரேட்டரிடம் போனபோது, "என் கையெழுத்துக்கு இப்போ மதிப்பு இல்லம்மா" என்று அவர் சங்கடத்தோடு சொல்லி அனுப்பினார். 2025–26க்கு 74,427 கோடி ரூபாய் பட்ஜெட் போட்ட மாநகராட்சி இது. அவ்வளவு பணமும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமல் ஒரு நிர்வாகியின் கையெழுத்தில் போனது. குடும்பச் சண்டையை விடிய விடியக் காட்டிய தொலைக்காட்சிகள் இதைப் பேசியது ரொம்பக் குறைவு.

எல்லையைப் போலவே ஆளைத் தூக்கியெறிகிற இன்னொன்று ஒதுக்கீட்டுக் குலுக்கல். 2025 நவம்பரில் நடந்தது. 227இல் 114 பெண்களுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கு 61, தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 2. பெண்கள் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பல தெருக்களில் பேனரைப் பார்த்திருக்கிறேன். போன மாதம் வரை கணவர் படம் பெரிதாக இருந்த இடத்தில் மனைவி படம், ஓரத்தில் கணவர் கைகூப்பி நிற்பார். குலுக்கலில் வார்டு கைவிட்டுப் போனால் மனைவி, மகள், மருமகள் என்று குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகிறது. தாக்கரே வீட்டை மட்டும் வாரிசு என்று சொல்வது நியாயம் இல்லை. கொலாபா பக்கம் சட்டப்பேரவைத் தலைவர் ராகுல் நார்வேகரின் தம்பி, தம்பி மனைவி, உறவுப் பெண் ஒருவர் என்று மூவரும் பா.ஜ.க. சார்பில் ஜெயித்தார்கள். தாதர்–மாகிமிலோ ஷிண்டே கட்சியின் சதா சர்வன்கரின் மகனும் மகளும் நின்றார்கள், இருவரையும் உத்தவ் கட்சி தோற்கடித்தது. சகோதரர் கூட்டணி உண்மையிலேயே வேலை செய்த இடம் அந்த மராத்தி வட்டாரம்தான்.

மற்ற இடங்களில் அது பலிக்காததற்கு ஊரின் மாற்றமும் காரணம். ஆலைகள் மூடிய பிறகு பரேல், லால்பாக் பக்கத்து மராத்திக் குடும்பங்கள் டோம்பிவ்லி, விரார் என்று மாநகராட்சி எல்லைக்கு வெளியிலேயே போய்விட்டன. ஜனம் பெருகியது மேற்குப் புறநகரில், அதனால் இடங்களும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தன. அங்கே குஜராத்தி, வட இந்திய ஓட்டு அதிகம், பா.ஜ.க.வுக்குச் சொந்த வீடு மாதிரி. "மராத்தி மனிதன்" என்ற குரல் அங்கே எடுபடாது.

எங்கள் தமிழர்களிடமும்தான். 1966இல் சிவசேனா பிறந்தபோது முதல் அடி வாங்கியது தென்னிந்தியர்கள். அந்தப் பயத்தோடு கடையை மூடிய தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். காலம் போகப்போக அதே சேனா கிளையில் தமிழ்ப் பையன்களும் வேலை செய்தார்கள், காயம் ஆறிக்கொண்டிருந்தது. இந்தப் பிரசாரத்தில் தமிழ்நாட்டு பா.ஜ.க.வின் அண்ணாமலை வந்து மும்பை மகாராஷ்டிராவின் ஊர் இல்லை, சர்வதேச நகரம் என்கிற மாதிரிப் பேச, அதற்குப் பதிலாக ராஜ் தென்னிந்தியர்களை விரட்டச் சொல்லும் அந்தப் பழைய லுங்கி முழக்கத்தை மேடையில் திரும்பச் சொன்னார். அண்ணாமலை பேச்சும் இங்கே வாழ்கிற எங்களுக்கு உதவாத பேச்சுதான். ஆனால் ராஜ் சொன்னது வீட்டுப் பெரியவர்களுக்கு வலித்தது. தாராவி மறுசீரமைப்பை எதிர்த்து உத்தவ் பேசியதைக் கேட்டு அவர் பக்கம் சாய்ந்திருந்தவர்கள்கூட அந்த வாரம் தயங்கியதை நான் நேரில் பார்த்தேன்.

நாளைக்கு எல்லை எப்படி மாறும் என்பதற்கும் தாராவியையே பாருங்கள். 2000 ஜனவரி 1க்கு முன்னால் இருந்தவர்களுக்குத்தான் இங்கேயே இலவச வீடு. பிந்தி வந்தவர்களையும் மாடியில் குடியிருப்பவர்களையும் முலுண்டு, தேவ்னார் மாதிரி வெளிப்பக்கம் அனுப்பத் திட்டம். புதுக் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அடுத்த வார்டுக் கோடுகள் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வரும். அன்றைக்கு யார் எந்த முகவரியில் பதிவாகிறார்களோ, அந்த முகவரிக்குத்தான் வார்டு. அதனால் எங்கள் சந்தில் வாடகைக்கு இருப்பவர்களிடம் நான் இப்போது சொல்வது இதுதான்: கணக்கெடுக்க வரும்போது வீட்டுக்காரர் பேரைச் சொல்லி அனுப்பாதீர்கள், உங்கள் குடும்பத்தை உங்கள் பேரில் தனியாக எழுதச் சொல்லுங்கள், மாடியில் இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள்.