வீரரைப் பணிநீக்கம் செய்த கிளப், அவரிடமே நஷ்ட ஈடும் கேட்கலாமா?

ஒழுங்கு மீறிய வீரருக்குக் கால்பந்துச் சங்கம் தடை விதித்து முடித்த பிறகும், அவருடைய கிளப் தனியாக அவர்மீது வழக்குத் தொடுத்துப் பணம் கேட்க முடியுமா, அப்படிக் கேட்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதே சட்டத்தின் பதில். சங்கம் விதிக்கும் தடை ஆட்ட விதிகளை மீறியதற்கானது. கிளப் கேட்கும் தொகை வேலை ஒப்பந்தத்தை மீறியதற்கானது. இரண்டும் வேறு வேறு கணக்குகள் என்பதால், ஒன்று தீர்ந்துவிட்டது என்று சொல்லி மற்றொன்றிலிருந்து தப்ப முடியாது. ஆனால் இந்த இரண்டாவது கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதில் பெரிய அநீதி இருப்பதாக நான் கருதுகிறேன். விளையாட்டு வழக்குகளின் தீர்ப்புகளை ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையில், அதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் ருமேனிய வீரர் அட்ரியன் முட்டுவின் வழக்குதான்.

2003 ஆகஸ்டில் செல்சீ கிளப் முட்டுவை இத்தாலியின் பார்மா கிளப்பிடமிருந்து 2.25 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஒப்பந்தம் 2008 ஜூன் வரை இருந்தது. 2004 அக்டோபரில் நடந்த பரிசோதனையில் அவர் கோகைன் பயன்படுத்தியது தெரியவந்ததும், அந்த மாத இறுதியிலேயே செல்சீ அவரைப் பணிநீக்கம் செய்தது. அடுத்த சில நாட்களில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு 7 மாதத் தடையும் 20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. தடையை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா எல்லா நாடுகளுக்கும் விரிவாக்கியது. 2005 மே மாதத்தில் தடை முடிந்து, அவர் மீண்டும் ஆடத் தொடங்கினார். ஒழுங்கு நடவடிக்கை அத்தோடு முடிந்தது. ஒப்பந்த வழக்கோ அதன் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேல் நீண்டது.

முதல் கேள்வி, ஒப்பந்தத்தை முறித்தது யார் என்பது. பணிநீக்கக் கடிதம் கொடுத்தது செல்சீ. ஆனாலும், கோகைன் பயன்படுத்தியதன் மூலம் நியாயமான காரணமின்றி ஒப்பந்தத்தை மீறியவர் முட்டுதான் என்று இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் மேல்முறையீட்டுக் குழு 2005-இல் முடிவு செய்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அதை ஏற்றது. இதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. தொழிலாளி பெருந்தவறு செய்து, அதனால் முதலாளி அவரை நீக்கினால், ஒப்பந்தத்தை மீறியவர் தொழிலாளிதான் என்பது எந்த நாட்டுச் சட்டத்துக்கும் புதிதல்ல.

கோளாறு தொகையில் இருக்கிறது. 2008 மே மாதத்தில் ஃபிஃபாவின் தகராறு தீர்க்கும் அமைப்பு, முட்டு செல்சீக்கு 1,71,73,990 யூரோ கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2009 ஜூலையில் நடுவர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒற்றை யூரோ வரை நுணுக்கமாக வந்த இந்த எண் எங்கிருந்து பிறந்தது என்று பாருங்கள். ஒரு வீரரை வாங்கக் கிளப் கொடுத்த விலையையும் அதைச் சார்ந்த செலவுகளையும் ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் பிரித்து ஆண்டுதோறும் கழித்து எழுதுவது கிளப்புகளின் கணக்கு வழக்கம். முட்டு நீக்கப்பட்டபோது ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலமே கழிந்திருந்ததால், இன்னும் கழித்து எழுதப்படாத நான்கில் மூன்று பங்குச் செலவு மீதமிருந்தது. அந்த மீதத்தை அப்படியே வீரரின் தலையில் வைத்தார்கள்.

இதன் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த 2.25 கோடி யூரோ முட்டுவின் கைக்கு வந்த பணம் அல்ல. அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுத்த விலை. அதே கோகைனை அதே நாளில், விலையேதும் இல்லாமல் ஒப்பந்தமான இன்னொரு வீரர் பயன்படுத்தியிருந்தால், இந்தக் கணக்கின்படி அவர் கொடுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய எதுவும் இருந்திருக்காது. ஆகவே அந்தத் தொகை குற்றத்தின் அளவைக் காட்டவில்லை, சந்தையில் அவருக்கு வைக்கப்பட்ட விலையைத்தான் காட்டியது. 7 மாதம் போதும் என்று ஒழுங்குக் குழு மதிப்பிட்ட குற்றத்துக்கு, வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் பெரும்பாலான வீரர்கள் பார்க்க முடியாத ஒரு தொகை விதிக்கப்பட்டதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பது கிளப்பின் விருப்பம் என்பதையும் மறக்கக் கூடாது. 2011 செப்டம்பரில் மியூனிக்கில் பேயர்னுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே, மாற்று வீரர்கள் இருக்கையில் இருந்த கார்லோஸ் டெவெஸ் களமிறங்க மறுத்தார் என்று மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சியாளர் மான்சினி வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். களமிறங்கும் முன் செய்யும் உடற்பயிற்சியைத் தொடர மறுத்தார் என்ற அளவில் கிளப்பின் விசாரணை முடிந்தது. நான்கு வாரச் சம்பளத்தை அபராதமாகப் பிடிக்கக் கிளப் விரும்பியும், இரண்டு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று வீரர்கள் சங்கம் நின்றது. அபராதம் இரண்டு வாரமாகக் குறைந்தது. பிறகு அவர் அனுமதியின்றி அர்ஜென்டினாவுக்கே போய்விட்டார். அப்போதும் கிளப் அவரை நீக்கவில்லை. 2012 பிப்ரவரியில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார்; அந்தப் பருவத்தில் கோப்பை வென்ற அணியில் ஆடினார்; 2013-இல் யுவெண்டஸுக்கு விற்கப்பட்டார். விலைமதிப்புள்ள வீரரை நீக்கினால் அந்த மதிப்பும் போய்விடும் என்று கணக்குப் பார்க்கும் உரிமை கிளப்புக்கு உண்டு. முட்டுவை நீக்கியதும் அப்படிப்பட்ட ஒரு முடிவுதான். ஆனால் அதன் செலவைக் கிளப் சுமக்கவில்லை.

முட்டு விடவில்லை. நடுவர் நீதிமன்றம் இருக்கும் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2010 ஜூனில் அங்கும் தோற்றார். பின்னர், தன் வழக்கை விசாரித்த நடுவர்களில் சிலர் சார்பற்றவர்கள் அல்லர் என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட்டார். ஜெர்மனியின் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனை கிளாடியா பெக்ஸ்டைனின் வழக்கோடு சேர்த்து 2018 அக்டோபர் 2 அன்று தீர்ப்பு வந்தது. நடுவர் நீதிமன்றத்தின் சுதந்திரம் பற்றிய புகாரை ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தார்கள். பெக்ஸ்டைனுக்குப் பொது விசாரணை மறுக்கப்பட்டது தவறு என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கிடையில் வேறொரு திருப்பமும் நேர்ந்தது. செல்சீ நீக்கிய முட்டுவை 2005 ஜனவரியில் லிவோர்னோ வழியாக யுவெண்டஸ் விலையின்றிப் பெற்றிருந்தது. அந்த இரண்டு கிளப்புகளும் சேர்ந்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று ஃபிஃபாவின் அமைப்பு 2013-இல் சொன்னது. 2015 ஜனவரியில் நடுவர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புதிய கிளப்பையும் பொறுப்பாக்கும் விதி, வேறு கிளப்புக்குப் போவதற்காகத் தானே ஒப்பந்தத்தை முறிக்கும் வீரருக்கானது, இங்கே செல்சீதான் அவருடைய ஆட்டமே வேண்டாமென்று அனுப்பியது என்பது காரணம். அந்த நியாயம் சரியானதுதான். ஆனால் புதிய கிளப்புகளை விடுவித்த அதே உண்மை, வீரரின் சுமையைச் சற்றும் குறைக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பணம் கொடுக்க முடியாத வீரரை ஆடவே விடாமல் செய்ய முடியுமா என்று அடுத்த கேள்வி எழும். அதற்கு சுவிஸ் உச்ச நீதிமன்றம் 2012 மார்ச்சில் பிரேசில் வீரர் மத்துசலேமின் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. ஷாக்தார் டொனெட்ஸ்க் கிளப்பை விட்டுப் போனதற்காக அவர் 1.18 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால் கால எல்லையின்றித் தடை என்ற மிரட்டல், ஒரு மனிதனின் பொருளாதாரச் சுதந்திரத்தை அளவுக்கு மீறி நசுக்குகிறது என்று சொல்லி, அந்த மிரட்டலை ஏற்றிருந்த நடுவர் நீதிமன்றத்தின் தீர்ப்பை அது ரத்து செய்தது.

இன்று நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. லோகோமோட்டிவ் மாஸ்கோவுடன் தகராறு செய்து 2014-இல் ஒப்பந்தம் இழந்து, 1.05 கோடி யூரோ நஷ்ட ஈட்டுக்கு ஆளான பிரெஞ்சு வீரர் லசானா டியாராவின் வழக்கில், ஒப்பந்த முறிவு பற்றிய ஃபிஃபாவின் இந்த விதிகளில் சில ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று அறிவித்தது. ஃபிஃபா அந்த ஆண்டு டிசம்பரிலேயே இடைக்கால விதிகளைக் கொண்டுவந்தது. ஆகவே ஐரோப்பாவில் இன்று ஒரு கிளப் முட்டுவிடம் கேட்டதுபோல ஒரு தொகையைக் கேட்டால், தான் உண்மையில் அடைந்த இழப்பு எவ்வளவு என்பதை முன்பைவிடக் கடுமையாக நிரூபிக்க வேண்டியிருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். வீரரை வாங்கிய விலையில் கழித்து எழுதாத மீதத்தை அந்த இழப்பாக இனியும் ஏற்பார்களா என்பதுதான் இனி வரும் வழக்குகளில் கவனிக்க வேண்டியது. ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.