ஜூசி லூசி யாருடையது? மினியாபொலிசுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜூசி லூசி என்னும் பர்கரை முதலில் செய்தது மேட்ஸ் பாரா, 5-8 கிளப்பா என்று அலுவலகத்தில் உங்களைக் கேட்டதாகவும், ஒரு பர்கருக்கு இத்தனை வாக்குவாதம் எதற்கு என்று விளங்கவில்லை என்றும், மாட்டிறைச்சி உண்ணாத நீங்கள் இதில் என்ன பேசுவது என்றும் எழுதியிருந்தீர்கள். இந்நகரில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வழக்கமான சீஸ்பர்கரில் சீஸ் இறைச்சியின் மேல் கிடக்கும். ஜூசி லூசியில், தட்டிய இரண்டு இறைச்சி வட்டுகளுக்கு நடுவே சீஸை வைத்து, ஓரங்களை அழுத்தி ஒட்டிவிட்டுக் கல்லில் போடுகிறார்கள். மேட்ஸ் பாரில் உள்ளே வைப்பது அமெரிக்கன் சீஸ் எனப்படும் பதப்படுத்திய சீஸ். அதில் சேர்ந்திருக்கும் உப்புகள் கொழுப்பைத் தனியே பிரியவிடாததால், அது சூட்டில் திரிந்துபோகாமல் கெட்டிக் குழம்பாக இளகி உள்ளேயே அடைபட்டிருக்கும். அவசரப்பட்டுக் கடித்தால் அந்தக் கொதிக்கும் சீஸ் பீறிட்டு உதட்டையும் அண்ணத்தையும் பொசுக்கிவிடும் என்பதால், தட்டை வைக்கும்போதே சற்றுப் பொறுக்கச் சொல்வது வழக்கம்.

இரண்டு கடைகளும் தெற்கு மினியாபொலிசில், ஒரே சீடர் அவென்யூவில், ஏறத்தாழ மூன்று மைல் இடைவெளியில் இருக்கின்றன. மேட்ஸ் பார் தொடங்கிய 1954ஆம் ஆண்டில், வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வட்டுகளுக்கு நடுவே சீஸ் வைத்துத் தரக் கேட்டு, கடித்ததும் வியந்து சொன்ன வார்த்தையே பெயராக நிலைத்தது என்பது அவர்கள் தரப்புக் கதை. மதுவிலக்குக் காலத்தில், 1928இல், மறைவான மதுக்கூடமாகத் தொடங்கிய 5-8 கிளப், பர்கரும் தன்னுடையதே என்கிறது. கடையின் வயது பர்கரின் வயதாகிவிடாது என்பதால் நான் மேட்ஸ் பக்கமே சாய்கிறேன். 2014இல் இங்கு வந்த அதிபர் ஒபாமாவும் அங்குதான் சாப்பிட்டார். ஆனால் வகைவகையான சீஸ்களில் விரும்பியதைக் கேட்டு வாங்க 5-8 கிளப்தான் வசதி.

ஆம்பூர்க்காரரிடம் வாணியம்பாடி பிரியாணிதான் உசத்தி என்று சொல்லிப் பார்த்தால், இந்த வாக்குவாதம் எதற்கு என்பது உங்களுக்கே விளங்கிவிடும். நாடு முழுக்க ஒரே சுவையில் பர்கர் விற்கும் தொடர்கடைகளுக்கு நடுவில், உழைக்கும் மக்கள் மாலையில் வந்து அமரும் பேட்டைக் கடைகளில் பிறந்த பண்டம் இது. பெரிய சமையல் நிபுணர் எவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் உள்ள சீமோர் என்னும் சிற்றூர், 1885இல் சார்லி நாக்ரீன் தங்கள் ஊர்ச் சந்தையில் விற்றதே முதல் ஹாம்பர்கர் என்று உரிமை கொண்டாடுகிறது. கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் இருக்கும் லூயிஸ் லஞ்ச், 1900இல் தாங்கள் விற்றதே முதல் ஹாம்பர்கர் என்கிறது. அப்படி ஊருக்கு ஊர் உரிமை கோரும் நாட்டில், சீஸை உள்ளே அடைத்த பர்கர் எங்களுடையது என்று மினியாபொலிஸ்காரர்கள் சொல்வதை நான் மனமார மதிக்கிறேன்.

மாட்டிறைச்சி உண்ணாததை ஒளிக்க வேண்டியதில்லை. நீங்கள் உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்தாலும் உங்களை யாரும் விலக்கி வைக்கப் போவதில்லை. வீட்டில் நான் கொத்திய வான்கோழிக் கறியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து போட்டு இதையே செய்வதுண்டு. ஓரம் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். திருப்பிப் போட்டதும் மேலே கத்தி முனையால் ஒரு சிறு துளையிட்டால் நீராவி வெளியேறும், வட்டு வெடிக்காது. வான்கோழி என்பதால் கறி முழுவதும் வெந்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் இனி யாராவது கேட்டால், அவர் வளர்ந்தது எந்தப் பேட்டையில், சிறுவயதில் வீட்டார் எந்தக் கடைக்கு அழைத்துப் போனார்கள் என்று முதலில் கேளுங்கள். மதிய இடைவேளை முழுவதும் அவரே பேசுவார்.